காசு முன்னே வருகிறதா, பின்னே வருகிறதா? எமார் வளர்ந்த கதை

புர்ஜ் கலீபாவைக் கட்டியது யார் என்று கேட்டால் நம்மவர்களில் அனேகர் 'எமார்' என்பார்கள். அது பாதிதான் சரி. எமார் அதன் சொந்தக்காரர். கட்டிக் கொடுத்தவர்கள் தென்கொரியாவின் சாம்சுங், பெல்ஜியத்தின் பெசிக்ஸ், 1975இல் டுபாயிலேயே தொடங்கப்பட்ட அரப்டெக் ஆகிய மூன்று கம்பனிகள். 828 மீற்றர் உயரமான அந்தக் கோபுரம் 2010 ஜனவரி 4ஆம் திகதி திறக்கப்பட்டது. பத்து வருடம் கழித்து, 2020 செப்டம்பரில், அரப்டெக்கைக் கலைத்துவிட அதன் பங்குதாரர்கள் முடிவெடுத்தார்கள். எமார் இன்றும் நிற்கிறது. ஒரே ஊர், ஒரே கட்டடம். ஏன் இந்த வித்தியாசம்? என் கணிப்பில், காசு வந்து சேரும் நேரம்தான் இதற்குப் பெரிய காரணம்.

எமார் 1997இல் முஹம்மத் அல்அப்பார் தலைமையில் ஆரம்பமானது. டுபாய் அரசாங்கம் அதன் முக்கிய பங்குதாரர். ஆகவே காணி தேடி அலையும் தலையிடி அதற்கு நம்மைப் போல் இருக்கவில்லை. (இந்த ஒரு விடயத்தில் நாம் எமாரைப் பின்பற்ற முடியாது!) 2002இல், குறிப்பிட்ட சில இடங்களில் வெளிநாட்டவரும் வீடுகளைச் சொந்தமாக வாங்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. அதை உறுதிப்படுத்தும் காணிப் பதிவுச் சட்டம் வந்ததோ 2006இல். இடைப்பட்ட வருடங்களில் அறிவிப்பை நம்பியே ஆட்கள் காசைக் கட்டினார்கள்.

விற்பனை முறை இலேசானது. வரைபடத்தைக் காட்டி வீட்டை விற்பது. வாங்குபவர் முதலில் ஒரு பகுதியைச் செலுத்துவார், மீதியைக் கட்டடம் எழும்ப எழும்பத் தவணையாகக் கட்டுவார். அதாவது எமாரின் வீடுகளைக் கட்டிய காசில் பெரும்பங்கு வாடிக்கையாளருடையது. கோபுரத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கும் கடைகளுக்கும் அந்தக் கோபுரமே விளம்பரம்.

கொந்தராத்துக்காரரின் நிலை இதற்கு நேர்மாறு. சீமெந்து, கம்பி, கூலி எல்லாம் முதலில் அவர் கைக்காசு. செய்த வேலையை மாதா மாதம் அளந்து பில் போட வேண்டும். பொறியியலாளர் கையெழுத்து வைத்த பிறகுதான் பணம். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, வேலை முடிந்து மாதங்கள் கழிந்த பிறகே கொடுப்பார்கள். தொடக்கத்தில் கிடைக்கும் முற்பணமும் பின்னர் பில்களில் கழிந்துவிடும். வேலை பெருகப் பெருக வெளியே நிற்கும் காசும் பெருகும். அரப்டெக், 2017இல் திறக்கப்பட்ட அபூதாபி லூவர் நூதனசாலையையும் கட்டிய கூட்டில் இருந்தது. பெயருக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெயரைக் காட்டிச் சம்பளம் கொடுக்க முடியாதே! கொரோனா காலத்தில் வேலைத்தளங்கள் தடைப்பட்டபோது தாக்குப்பிடிக்க அதனிடம் காசு இருக்கவில்லை. இப்படி ஒரு கம்பனி விழும்போது கடைசி வரிசையில் நிற்பவர் கடனுக்குச் சாமான் கொடுத்த வியாபாரி. நம் ஹாட்வெயார் முதலாளிமார் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும்.

எமாரும் அடிபடாமல் இல்லை. 2006இல் சுமார் நூறு கோடி டொலருக்கு வாங்கிய ஜோன் லேங் ஹோம்ஸ் என்ற அமெரிக்க வீடமைப்புக் கம்பனி 2009இல் வங்குரோத்தானது. அதே காலத்தில் டுபாயில் வீட்டு விலைகள் ஏறக்குறையப் பாதியாக விழுந்தன. அப்போது கைகொடுத்தது 2008 நவம்பரில் திறக்கப்பட்ட டுபாய் மோல். வீடு விற்றால் ஒருமுறைதான் காசு. கடை வாடகை விற்பனை படுத்திருக்கும் காலத்திலும் வரும்.

வாடிக்கையாளரின் முற்பணத்துக்கும் டுபாய் ஒரு வேலி போட்டது. 2007ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி வங்கிக் கணக்கு வேண்டும். அந்தப் பணத்தை வேறு திட்டத்துக்கு இழுக்க முடியாது. கம்பனியின் கடன்காரர்களும் அதில் கை வைக்க முடியாது. வேலை முடிந்து வீடுகள் பதிவான பிறகும் நூற்றுக்கு 5 வீதம் ஒரு வருடத்துக்கு அங்கேயே கிடக்கும். இங்கே தொடர்மாடி வீட்டுக்கு முற்பணம் கட்டப் போகிறவர்கள், உறுதியைப் பார்ப்பதோடு 'என் காசு எந்தக் கணக்குக்குப் போகிறது?' என்றும் கேட்பது நல்லது. சாமான் கொடுப்பவரும் தன் பில்லுக்கு எந்தக் கணக்கிலிருந்து செக் வரும் என்று கேட்கலாம்.

கட்டாத வீட்டுக்குக் காசு வாங்குவது மார்க்கத்தில் கூடுமா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. என்ன கட்டப்படும், என்ன விலை என்பதைத் தெளிவாகப் பேசி, சொல்லிச் செய்விக்கும் இஸ்திஸ்னா ஒப்பந்தத்தில் தவணையாகப் பணம் கொடுக்க இடமுண்டு. ஆனால் டுபாயில் நடந்தது போல, சாவி கைக்கு வருமுன்பே அந்தப் பதிவைக் கூடிய விலைக்கு இன்னொருவருக்குக் கைமாற்றுவது வேறு விடயம். அதைச் செய்ய நினைப்பவர்கள் தரகரிடம் போகுமுன் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.