தீவிலிருந்து வெறுங்கையோடு வந்தோம்!

பெண்கள் மட்டும் சேர்ந்து வெளியூர் போவதென்றால் இன்றைக்கும் நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசுகிறார்கள். கொல்லிமலை அடிவாரத்திலுள்ள முள்ளுக்குறிச்சியில் நாங்கள் ஐந்து பேர், ஒரே மகளிர் குழுத் தோழிகள். தினமும் மலை முகத்தில் விழிக்கிற எங்களுக்கு, கடல் நடுவே ஒரு தீவில் கால் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. "மலையை விட்டுட்டு உப்புத் தண்ணியில என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். ஆனால் மாமியார், "நான் அடுப்பைப் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா கண்ணு" என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன?

பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆளுக்கு இரண்டு புடவையும் கட்டுச்சோறுமாகக் கிளம்பினோம். ராசிபுரம், நாமக்கல், மதுரை என்று பஸ் மாறிப் பாம்பன் போய்ச் சேர்ந்தோம். அதன் அருகில் குந்துகால் என்றொரு கடற்கரை. 1897-ல் விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய இடம் அதுதான். அங்கிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போனோம்.

இறங்கியதும் ஒரு தோழி சொன்ன முதல் வார்த்தை, "ஒரு டீக்கடைகூட இல்லியேடி!" உண்மைதான். கடையும் இல்லை, தெருவும் இல்லை. அலை, மணல், மரம், பறவைச் சத்தம், அவ்வளவே. ஆனால் அந்த அமைதி இருக்கிறதே, குக்கர் விசிலும் டி.வி. சத்தமும் கேட்டே பழகிய காதுக்கு அது ஒரு மருந்து!

கரையில் பூ வேலைப்பாடு செய்தது போலப் பவளப்பாறைத் துண்டுகள் கிடந்தன. "நவராத்திரி கொலுவுல கடல் செட்டு வைக்க நல்லாருக்கும்" என்று தோழி ஒன்றைக் கையில் எடுத்தாள். கூட வந்த வனத்துறை ஊழியர், "அம்மா, அதை எடுத்த இடத்திலேயே வெச்சிடுங்க. இங்கேருந்து ஒரு கிளிஞ்சல்கூட வெளியே போகக் கூடாது" என்றார். "செத்துக் கிடக்கிற கல்லுதானே சார்?" என்று இவள் கேட்க, அவர் பொறுமையாக விளக்கினார்.

ராமேஸ்வரம் பக்கமிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள் இருந்தன. 1986-ல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்றைக்குத் தண்ணீருக்கு அடியில்! பவளப்பாறை என்பது வெறும் கல் அல்ல. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டும் வீடு. அலையின் வேகத்தைத் தணித்துத் தீவைக் காக்கும் மதில் சுவரும் அதுவே. சுண்ணாம்புக்காகவும் சிமென்ட்டுக்காகவும் பல வருஷம் அதை வெட்டி எடுத்ததில் சுவர் போயிற்று. அலை மணலை அரித்தது. தூத்துக்குடி அருகே வான் தீவும் கரைந்துகொண்டே வர, செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. 2001 முதல் பவளப்பாறைக்கும் புலி, யானைக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு. கேட்டதும் தோழி துண்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

கரை திரும்பியபோது கடல்பாசி எடுக்கும் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தோம். அகர் அகர் வாங்கிப் புட்டிங் செய்கிறோமே, அது இப்படிப்பட்ட பாசியிலிருந்துதான் வருகிறது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறை இடுக்கில் வளர்ந்ததைக் கையால் பறிக்கிறார்கள். தீவுகள் பூங்காவான பிறகு அவர்களுக்கு ஏகப்பட்ட கெடுபிடி. "எங்க பாட்டி காலத்துலருந்து இந்தத் தொழில்தான் அக்கா. பாசி அழிஞ்சா எங்க பொழப்பும் அழியும். அது எங்களுக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

அந்தப் பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, மற்ற நாளில் அது வளரட்டும் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்கு எடுப்பவர்களே அளவோடு எடுக்கும்போது, ஷோகேஸ் அழகுக்காக நாம் அள்ளிக்கொண்டு வரலாமா? சொல்லுங்கள்!

போக நினைக்கும் தோழிகளுக்குச் சில வார்த்தைகள். காற்று பலமாக இருந்தால் படகு விட மாட்டார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தீவில் இரவு தங்க முடியாது. பிளாஸ்டிக் கவரை வீட்டிலேயே வைத்துவிட்டு, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போங்கள். வெயிலுக்குக் குடை அவசியம்.

கொலுவில் கடல் செட் வைக்கக் களிமண் மீனும் நீலக் கலர்த் தாளும் போதாதா என்ன? பவளப்பாறை கடலிலேயே இருக்கட்டும், தோழிகளே!

– ஒரு வாசகி, முள்ளுக்குறிச்சி.