கேபிளுக்குள் ஒளிந்திருப்பது என்ன?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை முதலிய ஊர்களிலிருந்து வந்து, நோயாளிக்குத் துணையாகப் பல நாள்கள் தங்கும் உறவினர்களுக்குக் கைப்பேசி இன்றியமையாதது. வங்கிக் கணக்கு, காப்பீட்டு ஆவணம், பரிசோதனை அறிக்கை ஆகிய அனைத்தும் அதற்குள்ளேயே உள்ளன. சார்ஜ் குறைந்தவுடன் கைக்குக் கிடைத்த கேபிளைச் செருகிவிடுவது பலரது வழக்கம். அந்தக் கேபிளைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

மின்சாரமும் தகவலும்

சாதாரண யு.எஸ்.பி. கேபிளில் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்தையும், மற்ற இரண்டு தகவல்களையும் கொண்டுசெல்கின்றன. இந்த வழியாகக் கைப்பேசியிலுள்ள தகவல்களைத் திருடுவதை ‘ஜூஸ் ஜாக்கிங்’ என்பர். இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேடு இதனைக் குறிப்பிட்டு, அறியாத சார்ஜிங் முனைகளையும் கேபிள்களையும் தவிர்க்குமாறு அறிவுறுத்துகிறது.

ஸ்கேன் காட்டிய உண்மை

பாதுகாப்பு ஆய்வாளர்களின் சோதனைக்கென உருவாக்கப்பட்ட ‘ஓ.எம்.ஜி.’ என்னும் கேபிள், தோற்றத்தில் சாதாரணக் கேபிளே. ஆயினும், விசைப்பலகைபோல் நடித்துக் கருவிக்குக் கட்டளை இட வல்லது. அமெரிக்காவின் லூமாஃபீல்டு நிறுவனம் 2024 டிசம்பரில் அதனை சி.டி. ஸ்கேன் செய்து வெளியிட்ட படங்களில், முனைக்குள் நுண்சில்லும் ஆன்டெனாவும் தெரிந்தன. அச்சில்லுடன் மற்றொரு சில்லும் மறைந்திருந்தது, முப்பரிமாணப் படத்தைக் கூர்ந்து ஆராய்ந்தபோதே புலப்பட்டது. நம் உடலின் உட்பகுதியைக் காட்டும் அதே தொழில்நுட்பம்தான் இதனையும் வெளிப்படுத்தியது.

இத்தகைய கேபிள்கள் விலை மிகுந்தவை. எல்லா இடங்களிலும் காணப்படுபவை அல்ல. ஆகவே அச்சம் வேண்டாம். ஆனால், மேலுறையைப் பார்த்துப் பட்டாசின் உள்ளிருக்கும் வெடிமருந்தை அறிய இயலாததுபோல, வெறுங்கண்ணால் பார்த்துக் கேபிளை நம்பவும் இயலாது. அது எங்கிருந்து வந்தது என்பதை அறிந்திருப்பதே பாதுகாப்பு.

கடைப்பிடிக்க வேண்டியவை

• மருத்துவமனைக்கு வரும்போது சொந்த சார்ஜரையும் கேபிளையும் எடுத்து வாருங்கள். அவற்றில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

• சுவரிலுள்ள மின்செருகியில் மட்டும் சார்ஜ் செய்யுங்கள். மருத்துவக் கருவியின் இணைப்பைக் கழற்றாதீர்கள், அதன் யு.எஸ்.பி. முனையிலும் கைப்பேசியை இணைக்காதீர்கள். ஐயமிருப்பின் செவிலியரைக் கேளுங்கள்.

• சார்ஜ் ஆகும்போது கைப்பேசி பூட்டியே இருக்கட்டும். ‘இந்தக் கணினியை நம்பலாமா?’, ‘கோப்புகளைப் பகிரலாமா?’ என்று திரையில் கேட்டால், மறுத்துவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள்.

• கேட்பாரற்றுக் கிடக்கும் கேபிளைப் பயன்படுத்தாமல் பாதுகாவலரிடம் ஒப்படையுங்கள்.

• கணக்கிலிருந்து பணம் பறிபோனால், உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள். விரைந்து தெரிவித்தால், பணம் மேலும் கைமாறுமுன் தடுத்துநிறுத்த வாய்ப்பு உண்டு.