மனசு அரைக்கும் தீனி

கரிசல்காட்டு ஊரான இடைசெவல் பக்கம் பொழுது சாய்ந்த பிறகு ஒரு மாட்டுத் தொழுவில் போய் நின்று பாருங்கள். சோளத்தட்டையைத் தின்று முடித்த மாடு காலை மடக்கிப் படுத்திருக்கும். அதன் கழுத்தையே கவனியுங்கள். தோலுக்கு உள்ளாகவே ஓர் உருண்டை அடியிலிருந்து மேலே ஏறும். தாடை பக்கவாட்டில் அரைக்கத் தொடங்கும். ஒரு நிமிஷம்போல அரைத்ததும் உருண்டை இறங்கிவிடும். சில வினாடி அசைவே இருக்காது. பிறகு அடுத்தது ஏறி வரும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் இதே வேலை.

பழைய நாட்களை நினைத்துக் கிடப்பதற்குத் தமிழன் இதைத்தான் பெயராக வைத்தான்: அசைபோடுவது. ஈழத்தில் இரைமீட்டல் என்பார்கள்.

ஆங்கிலத்தில் அதற்கு ‘ரெமினிஸ்’ என்று பெயர். ‘ரெமினிசென்ஸ்’ என்ற பெயர்ச்சொல் 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அதன் வாலை நறுக்கி வினைச்சொல் ஆக்கியது 19ஆம் நூற்றாண்டில். மூலம் லத்தீன் ‘ரெமினிஸ்கி’. ‘ரெ’ என்றால் மீண்டும். நடுவில் இருக்கும் ‘மின்’, நினைப்பதைக் குறிக்கும் மிகப் பழைய வேர். அதே வேரில் கிளைத்ததுதான் சமஸ்கிருத ‘மனஸ்’. அது நம்மிடம் வந்து ‘மனசு’ ஆயிற்று. “மனசு கேக்கல” என்று கரிசல்காட்டுக் கிழவி சொல்லும்போது, அந்த ஆங்கிலச் சொல்லின் தூரத்துச் சொந்தம் ஒன்று அவள் வாயில் இருக்கிறது.

வேரின் அழகு அப்படி. ஆனால் நினைவு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், நம் மாட்டுத் தொழுவச் சொல்தான் சரியாகச் சொல்கிறது என்பேன். நினைவு பெட்டியில் வைத்த வேட்டி அல்ல, எடுத்துப் பார்த்துவிட்டு மடிப்புக் கலையாமல் திரும்ப வைப்பதற்கு. 2000ஆம் ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாதர், கிளென் ஷேஃப், ஜோசப் லெடூ மூவரும் எலிகளுக்கு ஓர் ஒலியைக் கேட்கவைத்துச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒலி கேட்டாலே எலி பயந்து உறைந்தது. மறுநாள் ஒலியை மட்டும் கேட்கவைத்து அந்த நினைவைக் கிளப்பினார்கள். உடனே, புரதம் உண்டாவதைத் தடுக்கும் மருந்தை மூளையின் அமிக்டலா என்ற பகுதியில் செலுத்தினார்கள். அதன் பிறகு பயம் வெகுவாகக் குறைந்துவிட்டது. நினைவைக் கிளப்பாமல் மருந்து மட்டும் கொடுத்த எலிகளுக்குப் பயம் அப்படியே இருந்தது. அதாவது, மேலே வந்த நினைவு இளகிவிடுகிறது. அது மறுபடி இறுக வேண்டும். அந்த இடைவேளையில் அது மாறவும் கூடும். எல்லா நினைவும் எப்போதும் இப்படி இளகுவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணனுக்கு இது ஆய்வுக்கூடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1976இல் வந்த ‘கோபல்ல கிராமம்’ நாவலில் நூறு வயது தாண்டிய பூட்டி மங்கத்தாயாரு, தெலுங்கு தேசத்தை விட்டுத் தன் சனம் உயிர் தப்பி வந்த கதையைச் சொல்கிறாள். துரத்தி வருகிறவர்கள் நெருங்க, குறுக்கே ஆறு. கரையில் நின்ற மரம் வளைந்து கொடுத்து அவர்களை அக்கரை சேர்க்கிறது. அந்த மரம் அன்றைக்கே வளைந்ததோ, எத்தனை வாயில் அரைபட்ட பிறகு வளைந்ததோ!