கொக்கிளாய் மணலும் எடையற்ற வெளியும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் நெல்லோடு பழகியவர்களுக்குப் புவியீர்ப்பு என்பது பாடநூலில் மட்டும் உள்ள விடயமன்று. களத்திலே சுளகை உயர்த்திப் பிடித்துத் தூற்றும்போது கனத்த மணி நேரே கீழே விழுகின்றது. பதர் காற்றோடு விலகிப் போகின்றது. சாக்கின் வாயைச் சரித்தால் நெல் தானாகவே வழிந்தோடுகின்றது. அரிசி ஆலையின் மேல்வாயிற் கொட்டியது கீழ்வாயால் இறங்குகின்றது. இவை அனைத்திலும் வேலையின் பெரும்பங்கைச் செய்வது பூமியின் இழுவையே. அந்த இழுவை உணரப்படாத இடத்தில் ஒரு தொழிற்சாலையை அமைக்க வேண்டி வந்தால், தூளையும் மணலையும் எவ்வாறு நகர்த்துவது? விண்வெளிப் பொறியியலாளர்களை இன்று வாட்டும் இக்கேள்வி கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் தொடர்பற்றது போலத் தோன்றலாம். அவ்வாறன்று என்பதே எமது கருத்தாகும்.

முதலில் ஒரு தெளிவு. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றி வரும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் ஈர்ப்பு இல்லாமற் போய்விடுவதில்லை. தரையில் உள்ளதில் 90 வீதமளவு அங்கும் உண்டு. நிலையமும் அதனுள் இருப்பவையும் ஒன்றாகவே இடைவிடாது பூமியை நோக்கி வீழ்ந்துகொண்டிருப்பதால் ஒன்றின் எடையை மற்றொன்று உணர்வதில்லை. இந்நிலையையே நுண்ணீர்ப்பு என்கின்றனர்.

மணியுருவப் பொருட்கள் பூமியிலேயே முரண்டு பிடிப்பவை. குவித்தால் திண்மம் போல நிற்கும். சரித்தால் திரவம் போல ஓடும். ஆனால் நீரைப் போல நம்பத்தக்கவையல்ல. குறுகிய வாயில் மணிகள் ஒன்றையொன்று தாங்கி வளைவு கட்டிக்கொண்டால் ஓட்டம் நின்றுவிடும். ஆலைத் தொழிலாளி தகரவாயைத் தடியாற் தட்டுவது அந்த வளைவை உடைப்பதற்கே. மணி சிறுக்கச் சிறுக்க அதன் எடை, அது அயல் மணியோடு ஒட்டிக்கொள்ளும் விசையைவிட வேகமாகக் குறைகின்றது. அரிசி வழிகின்றது, அரிசி மா கட்டியாகின்றது என்பதன் காரணம் இதுவே. எடையே உணரப்படாத இடத்தில் பருமணலும் மாவைப் போல நடந்துகொள்ளத் தொடங்கும். உராய்வினால் ஏறும் நிலைமின்னேற்றம் மணிகளைச் சுவரிலும் கண்ணாடியிலும் ஒட்டவைக்கும். ஒட்டாதவை கீழே படியாமல் மிதந்து மூச்சுக்குள் போகும்.

இதன் விந்தையை 2020 ஒக்டோபர் 20 இல் உலகம் கண்டது. பென்னு என்ற சிறுகோளின் மேற்பரப்பை நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தின் கை தொட்டபோது, கல்லும் மணலுமான அந்தத் தரை ஏறக்குறைய எதிர்ப்பே காட்டாமல் உள்வாங்கியது. கரண்டியால் அள்ளுவது அங்கு பயன் தராது என்பதை முன்கூட்டியே உணர்ந்திருந்தவர்கள் நைதரசன் வாயுவைப் பீச்சி மணலைக் கிளப்பிச் சேகரிப்பானுக்குள் செலுத்தினர். ஆயினும் கற்கள் மூடியில் சிக்கியதால் ஒரு பகுதி வெளியே கசிந்து மிதந்தது. 2023 செப்ரெம்பரில் பூமிக்கு வந்து சேர்ந்தது 121.6 கிராம்.

தொழிற்சாலை என்று வரும்போது சிக்கல் இன்னும் கூர்மையடைகின்றது. உலோகத் தூளைப் படலம் படலமாகப் பரப்பி, லேசர் கதிரால் உருக்கிப் பொருட்களை ஆக்கும் முறை பூமியில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. அதே தூளை விண்வெளியில் பரப்பினால் அது இருந்த இடத்தில் இராது. நுண்ணிய டைட்டேனியத் தூளோ தீப்பற்றக்கூடியதும் ஆகும். ஜேர்மனியின் ஆய்வாளர்கள் இதற்கு எளிய வழியொன்றைக் கண்டனர். நுண்துளையுள்ள தட்டின்மீது தூளைப் பரப்பி, தட்டின் அடியிலிருந்து வாயுவை உறிஞ்சினால், தூளினூடாகச் செல்லும் வாயுவே அதனைத் தட்டோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சுமார் 22 செக்கன்களுக்கு மட்டும் எடையற்ற நிலை கிட்டும் பரவளைவு விமானப் பறப்புகளில் இதனைச் சோதித்து, 2018 இல் எஃகுத் தூளிலிருந்து ஒரு ஸ்பனரையே ஆக்கிக் காட்டினர். ஐரோப்பிய விண்வெளி முகவரகமோ 2024 இல் நிலையத்துக்கு அனுப்பிய உலோக அச்சியந்திரத்தில் தூளைத் தவிர்த்து எஃகுக் கம்பியையே பயன்படுத்தியது. அது புத்திசாலித்தனமான முடிவுதான். ஆனால் சந்திரனிலோ சிறுகோளிலோ கம்பி கிடைக்காது, மணல்தான் கிடைக்கும்.

எமக்கு மிகவும் நம்பிக்கை தருவதாகத் தோன்றுவது மின்புல அலை முறை. மின்காப்புத் தகடொன்றின் கீழ் மெல்லிய மின்வாய்களை வரிசையாகப் பதித்து, அடுத்தடுத்த அவத்தைகளில் மாறும் உயரழுத்த மின்சாரத்தை ஊட்டினால், தகட்டின்மீது ஒரு மின்புல அலை நகரும். ஏற்றம் பெற்ற மணிகள், கடலலை நுரையைத் தள்ளிச் செல்வதுபோல, அதனோடு செல்லும். சுழலும் உறுப்பில்லை, தேய்மானமில்லை, எண்ணெய் கலப்பதில்லை. ஜப்பானிய அறிஞர் மசுதா 1970களில் வளர்த்தெடுத்த இக்கருத்தின் வழிவந்த தூசு அகற்றும் கருவியொன்று 2025 மார்ச்சில் புளூ கோஸ்ட் தரையிறங்கியோடு சந்திரனுக்குச் சென்று, கண்ணாடியில் படிந்த தூசை அகற்றிக் காட்டியது.

இனி நமது கரைக்கு வருவோம். முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள கொக்கிளாய் தொடக்கம் திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டை வரை பரந்து கிடக்கும் கருமணல் உலகிலேயே செறிவு மிக்க கனிய மணற் படிவுகளுள் ஒன்று. இதனைப் பிரித்தெடுப்பதற்கென 1957 இல் அரச கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அங்கு நடைபெறும் வேலையை மூன்று படிகளாகக் கூறலாம். பாரமான கனிமங்களை நீரோட்டத்திலே எடையால் பிரிப்பது முதலாவது. காந்தத்தால் இல்மனைட்டை வேறாக்குவது இரண்டாவது. உயரழுத்த மின்புலத்தில் மின்கடத்தும் ரூட்டைலையும் கடத்தாத சிர்கோனையும் பிரிப்பது மூன்றாவது. இவற்றுள் எடையற்ற வெளியில் செல்லுபடியாகாதது முதற்படி மாத்திரமே. ஏனைய இரண்டும் அங்கும் இயங்கக்கூடியவை. புல்மோட்டை ஆலையில் பல்லாண்டு கைதேர்ந்த தொழிலாளி ஒருவர், தாம் அறியாமலேயே விண்வெளித் தொழில்நுட்பத்தின் அரிச்சுவடியைக் கற்றவராவார்.

இதைவிட வியப்பானதும் உண்டு. அப்பலோ 11, அப்பலோ 17 பயணங்கள் கொண்டுவந்த சந்திரப் பாறைகளில் இல்மனைட் ஏராளமாக உள்ளது. அதனை ஐதரசனோடு சேர்த்து வெப்பமேற்றினால் நீர் உண்டாகும். நீரிலிருந்து ஒட்சிசன் பெறலாம். ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பே உள்ள சந்திரனில் அம்மணலைத் தூசியின்றி உலைக்குக் கொண்டு செல்வதெப்படி என்பதையே இன்று பல ஆய்வுகூடங்கள் தேடுகின்றன.

நமது மணலோ பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகின்றது. 1997 செப்ரெம்பரில் புல்மோட்டைக் கரையோரம் இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி கப்பல் தாக்கப்பட்ட பின்னர் நெடுங்காலம் அதுவும் தடைப்பட்டிருந்தது. போர் முடிந்தபின் அகழ்வு மீண்டது. கொக்கிளாய்ப் பக்கம் அதனை விரிவாக்கும் முயற்சிகளுக்குக் காணியையும் கடற்கரையையும் இழக்க அஞ்சும் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்துள்ளனர். அந்த அச்சம் நியாயமானதே. மணல் போனால் கரை போகும். கரை போனால் கரைவலை போகும். தமிழர், முஸ்லிம்கள் என்று பார்த்துக் கடல் உள்ளே வருவதில்லை. அம்மணலில் சிறிதளவு மொனசைட்டும் உண்டு. அதில் தோரியம் என்னும் கதிர்வீசும் மூலகம் இருப்பதால், உலர்ந்த மணலைக் கையாளும்போது எழும் தூசு தொழிலாளரின் சுவாசப்பைக்குரிய விடயமுமாகும். விண்வெளிக்காகத் தேடப்படும் மூடிய, உராய்வற்ற, தூசு கிளம்பாத கடத்தல் முறை முதலில் இங்கேயே தேவைப்படுகின்றது. அரிசி ஆலைகளில் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உமித்தூசியினுள் நிற்பவர்களுக்கும் அது உதவும்.

இதற்கு ஏவுகணை வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. மின்புல அலைத் தகட்டைச் சாதாரண மின்சுற்றுப் பலகையிலேயே அமைக்கலாம். எடையற்ற நிலையைக் காண, ஒளிப்படக் கருவி பூட்டிய பெட்டியில் ஒரு பிடி மணலை இட்டுக் கீழே விழவிட்டால் போதும். காற்றின் தடையைக் கணக்கிற் கொள்ளாவிடின், 5 மீற்றர் உயரம் ஒரு செக்கனைத் தரும். 20 மீற்றர் இரண்டு செக்கன்களைத் தரும். ஜேர்மனியின் பிரேமன் நகரில் 146 மீற்றர் உயரமான கோபுரத்தை எழுப்பியவர்களுக்கும் ஒரு வீழ்ச்சியிற் கிட்டுவது 4.7 செக்கன்கள்தான்.