அல்ஜீரியா: சட்டம் விதித்த மௌனம்

போர் ஓய்ந்த நாட்டில் மக்கள் பேசாதிருப்பதைக் காண்போர், அவர்கள் மறந்துவிட்டனர் என்றே கருதிவிடுகின்றனர். அக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதை அல்ஜீரிய மக்களின் அனுபவம் உணர்த்துகிறது.

1991 டிசம்பரில் நடைபெற்ற தேர்தலின் முதற்சுற்றில் இஸ்லாமிய மீட்பு முன்னணி பெருவெற்றி பெற்றது. 1992 ஜனவரியில் இராணுவத்தின் தலையீட்டால் தேர்தல் கைவிடப்பட்டது. அதையடுத்து மூண்ட பத்தாண்டுப் போரில் ஒன்றரை இலட்சம் முதல் இரண்டு இலட்சம் பேர் வரை மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. மக்கள் அக்காலத்தைக் 'கறுப்புப் பத்தாண்டு' என்பர். அரசு அதற்கு இட்ட பெயர் 'தேசியத் துயரம்'. அப்பெயரில் துயரம் உண்டு; அதை விளைவித்தவர் இல்லை.

அச்சத்தின் வேர் இங்குதான் இருக்கிறது. 1997இல் அல்ஜியர்ஸின் தெற்குப் புறத்திலுள்ள ரயீஸ், பென்தல்ஹா ஆகிய ஊர்களில் ஆயுதக் குழுவினர் பொதுமக்களைப் படுகொலை செய்தனர். அருகிலிருந்த படையினர் ஏன் காக்க வரவில்லை என்று உயிர் தப்பியோர் வினவினர். 'யார் யாரைக் கொல்கிறார்கள்?' என்பதே அன்றைய கேள்வியாயிற்று. எவரிடம் முறையிடுவது என்று தெரியாத நிலையில் வாய் மூடியிருப்பதே உயிர்க்காப்பு ஆனது. 1999ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புக்குப் பின் ஆயுதம் துறந்தோர் ஊர் திரும்பினர். கொன்றவர்களும் உறவுகளை இழந்தவர்களும் ஒரே ஊரில் வாழ நேர்ந்தது.

2005 செப்டம்பரில் தேசிய நல்லிணக்க சாசனம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. 97 விழுக்காட்டினர் ஆதரித்ததாக அரசு அறிவித்தது. போரினால் களைத்த மக்கள் அமைதியை நாடியதில் வியப்பில்லை. ஆயின் 2006 பிப்ரவரி 27 அன்று வெளியான ஆணையின் 45ஆம் பிரிவு, பாதுகாப்புப் படையினர்மீது வழக்குத் தொடுப்பதைத் தடுத்தது. 46ஆம் பிரிவு, தேசியத் துயரத்தைப் பயன்படுத்தி அரசு நிறுவனங்களையோ நாட்டின் நற்பெயரையோ ஊறு செய்யும் வகையில் பேசுவோருக்கும் எழுதுவோருக்கும் 3 முதல் 5 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அச்சத்தால் பிறந்த மௌனம் சட்டக் கடமையாகிவிட்டது.

இதன் சுமையைப் பெரிதும் தாங்கியவர்கள் காணாமற்போனோரின் குடும்பத்தார். அரசுத் தரப்பினரால் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போனோர் 6,146 பேர் என்று அரசு அமைத்த குழுவே 2005இல் கணக்கிட்டது. இழப்பீடு பெற வேண்டுமெனில், தேடியும் கிடைக்கவில்லை என்ற காவல்துறைச் சான்றும், அதன்மீது நீதிமன்றம் வழங்கும் மரணத் தீர்ப்பும் தேவை. கொண்டுசென்ற தரப்பே தேடியதாகச் சான்றளிக்கிறது.

அந்நாட்டு மக்கள் பின்பற்றும் மாலிகி மத்ஹபில் காணாமற்போனவர் 'மஃப்கூத்' எனப்படுவார். அவருடைய மனைவி முறையிட்டால், அவர் இருக்கக்கூடிய ஊர்களுக்கெல்லாம் எழுதி விசாரிப்பது காளியின் முதற்கடமை. அவ்விசாரணை பயனற்றுப்போன பின்னரே நான்காண்டுக் காத்திருப்பும் அதன்பின் இத்தாவும் தொடங்கும். வாரிசுகள் சொத்தைப் பங்கிட அதனினும் நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். தேடலுக்குப் பின்னரே தீர்ப்பு என்பது இதன் அடிப்படை. 1998 முதல் அல்ஜியர்ஸில் வாரந்தோறும் கூடிய தாய்மார்கள் வேண்டியதும் அந்தத் தேடலைத்தான்.

2019இல் பல இலட்சம் மக்கள் வீதியில் இறங்கியபோது, சிரியாவிலும் தொடக்கம் மலர்களுடன்தான் இருந்தது என்று அன்றைய பிரதமர் எச்சரித்தார். பழைய அச்சத்தை ஆட்சியாளர் எவ்வாறு கையாண்டனர் என்பதற்கு அதுவே சான்று. மக்கள் அதற்கு அடங்கவில்லை, அமைதியாகவே அணிவகுத்தனர். எனினும் 46ஆம் பிரிவு நீக்கப்படவில்லை. வறுமையால் மரணச் சான்றிதழைப் பெற்றுக்கொண்ட தாயையும், அதை மறுத்து வெறுங்கையுடன் நின்ற தாயையும் எவரும் குறை கூற இயலாது. இருவருக்குமே மகன் எங்கே என்ற விடை இன்னும் கிட்டவில்லை.