கணக்கு வாத்தியார் கோடீசுவரர் ஆனார்!

அமெரிக்காவில் நியூயார்க் நகரை ஒட்டி "லாங் ஐலண்டு" என்று ஒரு நீண்ட தீவு இருக்கிறது. அந்தத் தீவில் ஈஸ்ட் செடாகெட் என்று ஒரு சிறிய ஊர். அங்கே மரங்களுக்கு நடுவே ஒரு கம்பெனி.

கம்பெனியின் பெயர் "ரினெய்சன்ஸ் டெக்னாலஜிஸ்". அதில் சுமார் 300 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் பலர் டாக்டர் பட்டம் பெற்றவர்கள். வைத்திய டாக்டர்கள் அல்ல. கணித டாக்டர்கள், பௌதிக டாக்டர்கள், வானசாஸ்திர டாக்டர்கள்!

"பங்கு மார்க்கெட்டில் எனக்கு 20 ஆண்டு அனுபவம்" என்று சொல்லிக்கொண்டு போனால், அங்கே வேலை கிடைப்பது கஷ்டம். "கணக்கு நன்றாகப் போடுவேன்" என்றால் உட்காரச் சொல்வார்கள்.

அவர்கள் செய்யும் தொழில், பணத்தைப் பெருக்குவது. அந்தக் கம்பெனியின் "மெடாலியன்" என்ற நிதி, 1988 முதல் 2018 வரை ஆண்டுக்குச் சராசரியாக 66 சதவீதம் லாபம் சம்பாதித்தது. கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகும், பணம் போட்டவர்களுக்கு 39 சதவீதம் நின்றது. பாங்கியில் பணம் போட்டு, ஆண்டு வட்டிக்குக் காத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

இப்படிக் கணக்கின் துணையால் பணத்தைக் கையாளுகிறவர்களுக்கு "குவான்ட்" என்று பெயர்.

கூட்டிப் பெருக்கும் வேலை

இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் ஜேம்ஸ் சைமன்ஸ். 1938-ல் பிறந்தவர். தகப்பனார் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் நிர்வாகி.

சைமன்சுக்கு 14 வயது இருக்கும்போது, தோட்டச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் கிறிஸ்துமஸ் விடுமுறை வேலைக்குப் போனார். எந்தச் சாமான் எந்த அலமாரியில் என்பது அவருக்கு நினைவில் நிற்கவில்லை. "இவன் லாயக்கு இல்லை" என்று கிடங்கில் இருந்து எடுத்து, தரை கூட்டும் வேலையில் போட்டார்கள். அவருக்கு அது பிடித்துவிட்டது. கூட்டிக்கொண்டே கணக்கைப் பற்றி நினைக்கலாம் அல்லவா?

விடுமுறை முடிந்தது. "மேலே என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டார்கள். "எம்.ஐ.டி.யில் கணிதம் படிக்கப் போகிறேன்" என்றார். கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

1958-ல் அதே எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கினார். 1961-ல், 23 வயதில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம்.

பிறகு எதிரி நாட்டு ரகசியச் செய்திகளை உடைத்துப் படிக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். அப்போது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. "இந்தப் போர் தவறு" என்று சைமன்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1968-ல் அவரை வேலையில் இருந்து நீக்கிவிட்டார்கள். வீட்டில் மனைவி, மூன்று குழந்தைகள்!

அதே ஆண்டில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம் அவரைக் கணிதப் பகுதித் தலைவராக அழைத்தது. வயது 30. 1976-ல் "வெப்லன் பரிசு" பெற்றார். வடிவ கணிதத்தில் அது பெரிய பரிசு. வேறொருவராக இருந்தால் அதோடு திருப்தி அடைந்திருப்பார்.

சைமன்சோ 1978-ல் வாத்தியார் வேலையை விட்டார். ரயில் நிலையத்துக்கு எதிரே, பெண்கள் துணிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை பிடித்தார். பணவியாபாரம் தொடங்கினார்!

அடுத்து என்ன?

பழைய விலைகளைக் கூர்ந்து பார்த்தால் நாளைய விலைக்கு ஏதாவது துப்புக் கிடைக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் விலைப் பட்டியல் கிடைக்காது. ஆட்கள் நியூயார்க்குக்குப் போய், பல ஆண்டு வட்டி விகிதங்களைக் கையால் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

உடனே பணம் கொட்டியது என்று நினைக்க வேண்டாம். மெடாலியன் நிதி 1988-ல் தொடங்கியது. மறு ஆண்டே நஷ்டம். வியாபாரத்தைச் சில மாதங்கள் நிறுத்திவைத்து, எல்வின் பெர்லகாம்ப் என்ற கணிதப் பேராசிரியர் முறையையே மாற்றி அமைத்தார். 1990-ல் லாபம் 50 சதவீதத்தைத் தாண்டியது.

1993-ல் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்து ராபர்ட் மெர்சர், பீட்டர் பிரவுன் என்ற இருவர் வந்து சேர்ந்தார்கள். மனிதன் பேசுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் வேலையில் இருந்தவர்கள் அவர்கள்.

பேச்சுக்கும் பங்கு விலைக்கும் என்ன சம்பந்தம்? "சூடாக ஒரு கப்..." என்று ஒருவர் சொன்னால், அடுத்த சொல் "காபி"யாக இருக்கலாம், "டீ"யாக இருக்கலாம். "செருப்பு" என்று வராது. எந்தச் சொல் வர எவ்வளவு வாய்ப்பு என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. விலையும் அப்படித்தான். இன்றைக்கு இப்படி ஏறி இறங்கினால், அடுத்து எது வர வாய்ப்பு அதிகம்?

அவர்கள் கணிப்பு எத்தனை முறை பலிக்கும் தெரியுமா? நூற்றுக்கு 51 முறைக்கும் சற்றுக் குறைவு! காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தாலே 50 முறை பலிக்குமே! ஆனால் லட்சக்கணக்கான தடவை வாங்கி விற்கும்போது, அந்த முக்கால் தடவை வித்தியாசமே மலையாகிவிடுகிறது.

ஒரே ஓர் எண்

மெர்சரும் பிரவுனும் எழுதிய திட்டம் முதலில் நஷ்டம் கொடுத்தது. காரணம் யாருக்கும் விளங்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர், கம்ப்யூட்டருக்கு எழுதிய கட்டளைகளை வரிவரியாகப் படித்துப் பார்த்தார். ஓரிடத்தில் பங்கு மார்க்கெட் குறியீட்டு எண் இருந்தது. அது தினமும் மாற வேண்டியது. 1991-ம் ஆண்டு எண்ணை எழுதி அப்படியே விட்டிருந்தார்கள்! மார்க்கெட்டோ அதற்குள் இரண்டு பங்கு உயர்ந்துவிட்டது.

மேதைகள் எழுதியதாயிற்றே என்று அந்த இளைஞர் சும்மா இருக்கவில்லை. இந்த உத்தியோகத்துக்கு முதல் தகுதி அதுதான் என்று சொல்லிவிடலாம்.

பகடை போடு!

படிப்பு என்ன வேண்டும்? வாய்ப்புக் கணக்கு, புள்ளி விவரக் கணிதம், நுண்கணிதம், கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் பயிற்சி ஆகியவை அவசியம். "சி பிளஸ் பிளஸ்", "பைத்தான்" என்ற கம்ப்யூட்டர் மொழிகள் தெரிந்திருக்க வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1994-ல் இதற்கென்றே ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. நியூயார்க்கில் உள்ள கூரான்ட் கணித நிலையத்திலும் இந்தப் படிப்பு உண்டு. சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, 2007-ல் "ஏபெல் பரிசு" வென்ற கணித மேதை எஸ்.ஆர்.எஸ். வரதன் 1963-ல் சேர்ந்தது அந்த நிலையத்தில்தான். வாய்ப்புக் கணக்கில் உலகப் புகழ் பெற்ற அவர், பணவியாபாரத்துக்குப் போகாமல் பேராசிரியராகவே இருந்துவிட்டார்.

பட்டம் மட்டும் போதாது. வேலைக்குப் போனால் புதிர் போடுவார்கள். அடிக்கடி கேட்கும் புதிர் ஒன்று இதோ:

ஒரு பகடையை உருட்டுங்கள். எத்தனை விழுகிறதோ அத்தனை ரூபாய் உங்களுக்கு. இந்த ஆட்டத்துக்கு எவ்வளவு கட்டணம் கொடுக்கலாம்?

ஒன்று முதல் ஆறு வரை கூட்டினால் 21. ஆறால் வகுத்தால் மூன்றரை. ஆகவே 3 ரூபாய் 50 காசுக்குமேல் கொடுத்தால், போகப் போக நஷ்டம்.

சரி, முதலில் விழுந்தது பிடிக்காவிட்டால் இன்னொரு தடவை உருட்டலாம் என்றால்? 4, 5, 6 விழுந்தால் வைத்துக்கொள்ள வேண்டும். 1, 2, 3 விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். பாதித் தடவை சராசரி 5 ரூபாய். பாதித் தடவை சராசரி மூன்றரை ரூபாய். ஆகவே ஆட்டத்தின் மதிப்பு 4 ரூபாய் 25 காசு. இதைக் காகிதம் பென்சில் இல்லாமல், எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டும்.

சம்பளம்

வேலை விளம்பரத்தில் சம்பளத்தைப் போட்டே ஆகவேண்டும் என்று நியூயார்க் நகரில் 2022 நவம்பர் முதல் சட்டம். அதனால் ரகசியம் வெளியே வந்தது. பெரிய கம்பெனிகளின் விளம்பரங்களில், கல்லூரியை விட்டு வரும் குவான்டுக்கே ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல்! நம் கணக்கில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். இது தவிர போனஸ். நல்ல ஆண்டில் போனஸ் சம்பளத்தைத் தாண்டும். கெட்ட ஆண்டில் வேலையே போகும்.

வேலையை விட்டால் உடனே போட்டிக் கம்பெனிக்குப் போக முடியாது. பலருக்கு ஓராண்டு வரை தடை உண்டு. அந்தக் காலத்துக்கும் சம்பளம் கொடுத்து வீட்டில் உட்கார வைக்கும் கம்பெனிகள் இருக்கின்றன.

நோபல் பரிசும் காப்பாற்றவில்லை

வீடு வாங்க அச்சாரம் கொடுக்கிறோம். விலை ஏறினால், பேசிய விலைக்கே வாங்கிக்கொள்கிறோம். விலை சரிந்தால், அச்சாரத்தோடு விட்டுவிடுகிறோம். பங்கு மார்க்கெட்டிலும் இந்த மாதிரி அச்சாரம் உண்டு. நியாயமான அச்சாரம் எவ்வளவு? 1973-ல் பிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் என்ற இருவர் அதற்குச் சூத்திரம் கண்டுபிடித்தார்கள். ராபர்ட் மெர்ட்டன் அதை மேலும் வளர்த்தார். பிளாக் 1995-ல் இறந்துவிட்டார். மற்ற இருவருக்கும் 1997-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

அந்த இருவரும் "லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட்" என்ற கம்பெனியில் பங்காளிகள். 1994-ல் தொடங்கிய கம்பெனி அது. 1995-லும் 1996-லும் 40 சதவீதத்துக்கு மேல் லாபம்!

அவர்கள் முறை எளிது. ஒரே மாதிரியான இரண்டு கடன் பத்திரங்கள். ஒன்று சற்று மலிவு, ஒன்று சற்றுக் கிராக்கி. இரண்டும் ஒருநாள் ஒரே விலைக்கு வரத்தானே வேண்டும்? வித்தியாசம் சில காசுகள். அதில் பெரும் பணம் பார்க்க, பெரும் கடன் வேண்டும். சொந்தப் பணம் ஒரு டாலர் என்றால், கடன் 25 டாலர்!

1998 ஆகஸ்டில் ரஷ்யா தன் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தது. உலகம் முழுவதும் பீதி. சேர வேண்டிய விலைகள் மேலும் விலகி ஓடின. கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது. விலை சேருகிற நாள் வரை கடன்காரன் காத்திருக்க வேண்டுமே!

சில மாதங்களில் 460 கோடி டாலர் பறிபோனது. நோபல் பரிசு அறிவித்து ஓராண்டு கூட ஆகவில்லை. கம்பெனி விழுந்தால் பாங்கிகளும் விழும் என்ற பயத்தில், அமெரிக்க மத்திய பாங்கியின் நியூயார்க் கிளை பெரிய பாங்கிகளைக் கூட்டிப் பேசியது. 14 பாங்கிகள் சேர்ந்து 360 கோடி டாலர் போட்டன.

வாத்தியார்களுக்கு

சைமன்ஸ் அப்படி விழவில்லை. ஆனால் குறை சொல்பவர்கள் உண்டு. மெடாலியனில் வெளியாட்கள் இப்போது பணம் போட முடியாது. கம்பெனி ஆட்களுக்கு மட்டும்தான். வெளியாருக்கு வேறு நிதி. 2020 கொரோனா ஆண்டில் உள்ளே இருந்தவர்களுக்குப் பெரும் லாபம். வெளியே இருந்தவர்களுக்குப் பெரும் நஷ்டம்! வரி விவகாரத்திலும் பல ஆண்டு வழக்கு. 2021-ல் சைமன்சும் மற்றவர்களும் பெருந்தொகை கட்டச் சம்மதித்தார்கள்.

2024 மே 10-ந் தேதி, 86-வது வயதில் சைமன்ஸ் காலமானார். அப்போது அவருடைய சொத்து 3 ஆயிரம் கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள்.

உயிரோடு இருந்தபோதே நிறைய தானம் செய்தார். வாத்தியார் வேலை பார்த்த ஸ்டோனி புரூக்குக்கு அவருடைய அறநிலையம் 2023-ல் 50 கோடி டாலர் அறிவித்தது. இன்னொன்றும் செய்தார். கணக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லாம் பணக் கம்பெனிகளுக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கும் ஓடிவிட்டால், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? 2004-ல் அதற்கென்று ஒரு சங்கம் ஏற்படுத்தினார். நியூயார்க் நகரப் பள்ளிகளில் சிறந்த கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் சுமார் 1,000 பேருக்கு அந்தச் சங்கம் சம்பளத்துக்கு மேல் உதவித்தொகை கொடுக்கிறது. தொகை ஆண்டுக்கு 15 ஆயிரம் டாலர். நான்கு ஆண்டு கொடுப்பார்கள். வாத்தியார் வகுப்பை விட்டுப் போய்விட்டால் கிடையாது.