அடுக்குகளும் தேர்வும்: கல்வெட்டுப் படத்தைக் கணினியில் படிப்பது எப்படி?

தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே இருந்தாலும், தமிழ் எழுத்து கல்லிலேயே நிலைபெற்றுவிட்ட வட்டாரம் நம் சித்தூரும் திருப்பதியும். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1930களில், சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் பெரும் உழைப்பினால், தன் கோயில்களின் கல்வெட்டுகளைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. 1513இல் கிருஷ்ணதேவராயர் திருமலைக்கு வந்து அளித்த கொடைகள்கூடத் தெலுங்கு, கன்னடத்தோடு தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயிலில் பல்லவர், பாணர், சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. திருச்சானூரை ஒட்டிய யோகிமல்லவரத்திலும் சோழர் காலத் தமிழைக் காணலாம்.

1911இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை மாற்றத்திலும் நம் குடும்பங்கள் இங்கேயே இருக்கின்றன. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் படிப்பதோ தெலுங்கும் இங்கிலீஷும். கோயில் சுவரைச் செல்போனில் படமெடுத்து வந்து, "இதுல என்ன எழுதியிருக்கு தாத்தா?" என்று கேட்கும்போது, நமக்கே எழுத்து பிடிபடுவதில்லை. கல் தேய்ந்திருக்கிறது, எண்ணெயும் சுண்ணாம்பும் படிந்திருக்கின்றன. இந்த இடத்தில் படம் திருத்தும் மென்பொருள் கைகொடுக்கும். அதில் பலரும் தடுமாறுகிற ஒரு பகுதியை, அதாவது பல அடுக்குகளின் மீது ஒரே தேர்வைப் பயன்படுத்துவதை, இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு படம் போதாது

கல்வெட்டாய்வாளர்கள் ஈரத்தாளைக் கல்லில் ஒற்றித் தட்டி, மேலே மை தடவி மைப்படி எடுப்பார்கள். பள்ளமான எழுத்து வெள்ளையாகவும், மற்ற இடம் கறுப்பாகவும் வரும். அது பயிற்சி பெற்றவர்கள், உரிய அனுமதியோடு செய்யவேண்டிய வேலை. நாம் செய்யக்கூடியது படமெடுப்பது மட்டும்தான். அதையும் அனுமதி உள்ள இடத்தில், கல்லைத் தொடாமல், சாக்பீஸோ மாவோ பூசாமல் செய்யவேண்டும். திருமலைக் கோயிலுக்குள் கேமராவுக்கும் செல்போனுக்கும் அனுமதி இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்து, இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என நான்கு படம் எடுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் நெட்டுக்கோடுகள் நன்றாகத் தெரியும். மேல், கீழ் வெளிச்சத்தில் கிடைக்கோடுகள் தெரியும். 2001இல் எச்.பி. ஆய்வுக்கூடத்தில் டாம் மால்ஸ்பெண்டர் என்பவரும் அவர் குழுவினரும், பல திசை வெளிச்சப் படங்களைக் கணக்கிட்டு ஒன்றாக்கும் முறையை வெளியிட்டார்கள். அருங்காட்சியகங்கள் இன்று கையாளும் பெரிய முறைக்கு அதுவே அடிப்படை. நாம் செய்வது அதன் வீட்டுப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அடுக்கு என்றால் என்ன, தேர்வு என்றால் என்ன?

லேயர் எனப்படும் அடுக்கு 1994இல் ஃபோட்டோஷாப்பின் மூன்றாம் பதிப்பில் வந்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததுபோல் நம் நான்கு படங்களும் நான்கு அடுக்குகளாக இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இதே ஏற்பாடுதான்.

படத்தில் ஒரு பகுதியை வளைத்துக் குறித்தால், எறும்பு ஊர்வதுபோல ஒரு புள்ளிக்கோடு ஓடும். அதுதான் தேர்வு. இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. தேர்வு எந்த ஓர் அடுக்குக்கும் சொந்தமானது அல்ல. அது முழுப் படத்துக்கும் பொது. தாள்களின் அடுக்குக்கு மேலே ஓட்டை போட்ட ஓர் அட்டையை வைத்ததுபோல அது. ஆனால் நீங்கள் அழித்தாலும் பூசினாலும், லேயர்ஸ் பலகையில் எந்த அடுக்கைப் பிடித்திருக்கிறீர்களோ அந்தத் தாளில் மட்டுமே வேலை நடக்கும். "செலக்‌ட் பண்ணி டெலிட் அடிச்சேன், ஒண்ணுமே ஆகலையே" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வேறு அடுக்கில் நின்றுகொண்டிருப்பார்கள்.

அடுக்கைப் பிடிப்பது வேறு, பரப்பைத் தேர்வது வேறு. பல அடுக்குகளை ஒருசேரப் பிடிக்கும் வசதி ஃபோட்டோஷாப்பில் 2005இன் சி.எஸ். 2 பதிப்பிலும், கிம்ப்பில் 2025இன் 3.0 பதிப்பிலும் வந்தது. அப்படிப் பிடித்திருந்தாலும் ஃபோட்டோஷாப்பில் தூரிகை எல்லாத் தாளிலும் ஒரே வீச்சில் பூசாது. அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன.

நான்கு வழிகள்

முதலாவது, கண்ணுக்குத் தெரிவதை அப்படியே எடுப்பது. ஓர் எழுத்தைச் சுற்றித் தேர்வு போட்டு, கன்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால், தெரிகிற எல்லா அடுக்குகளின் கூட்டு உருவமும் நகலாகும். ஃபோட்டோஷாப்பில் இதற்குக் காப்பி மெர்ஜ்டு என்றும், கிம்ப்பில் காப்பி விசிபிள் என்றும் பெயர்.

இரண்டாவது, நிறத்தைக் கொண்டு தேர்வது. மந்திரக்கோல் கருவி வழக்கமாக, பிடித்த அடுக்கின் நிறத்தை மட்டும் பார்க்கும். ஃபோட்டோஷாப்பில் சாம்பிள் ஆல் லேயர்ஸ், கிம்ப்பில் சாம்பிள் மெர்ஜ்டு என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டால், எல்லா அடுக்குகளையும் சேர்த்துப் பார்த்துத் தேர்வு செய்யும்.

மூன்றாவது, ஓர் அடுக்கின் உருவத்தையே தேர்வாக்குவது. வெற்று அடுக்கு ஒன்றில் நீங்கள் படித்த எழுத்தைச் சிவப்பில் வரைந்திருந்தால், ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அந்த அடுக்கின் சிறு படத்தைத் தட்டுங்கள். கிம்ப்பில் ஆல்பா டு செலக்‌ஷன் என்பதைச் சொடுக்குங்கள். எழுத்தின் வடிவிலேயே தேர்வு விழும்.

நான்காவது, எல்லா அடுக்குகளிலும் ஒரே பகுதியை மட்டும் காட்டுவது. அடுக்குகளை ஒரு குரூப்பாகக் கட்டி, அந்த குரூப்புக்குத் தேர்விலிருந்து ஒரு மாஸ்க் போடுங்கள். தேர்வுக்கு வெளியே உள்ளது நான்கு படத்திலும் மறையும். ஆனால் எதுவும் அழியாது. மாஸ்க்கை எடுத்தால் பழையபடி எல்லாம் வந்துவிடும்.

நல்ல தேர்வு ஒன்று அமைந்துவிட்டால் சேவ் செலக்‌ஷன் மூலம் சேமித்து வையுங்கள். கிம்ப்பில் அது சேவ் டு சேனல்.

ஏன் ஒன்றாக்கிவிடக் கூடாது?

இடது வெளிச்சப் படத்தின் மேல் வலது வெளிச்சப் படத்தை டார்க்கன் முறையில் வைத்தால், எழுத்துப் பள்ளத்தின் இரண்டு ஓரங்களும் கறுத்துத் தெரியும். பார்க்க அழகாக இருக்கும். உடனே நான்கையும் ஒன்றாக்கிச் சேமிக்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து.

கல்லில் கறையும் கறுப்பு, எழுத்தின் நிழலும் கறுப்பு. அடுக்குகளை ஒன்றாக்கியபின் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுக்குகள் தனித்தனியே இருந்தால் சோதனை எளிது. சிவப்பு எழுத்திலிருந்து தேர்வை எடுத்து, சிவப்பு அடுக்கை மறைத்துவிட்டு, நான்கு படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து அதே தேர்வுக்குள் பாருங்கள். வெளிச்சம் மாறும்போது நிழல் இடம் மாறினால் அது பள்ளம். எந்த வெளிச்சத்திலும் அசையாமல் அப்படியே இருந்தால் அது கறை. வெடிப்பும் நிழல் தரும். ஆனால் அது எழுத்து வரியை மதிக்காமல் மேல்வரி கீழ்வரி என்று நீண்டு ஓடும்.

இதில் இவ்வளவு கவனம் எதற்கு? பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடும் வழக்கம் இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். தமிழ் எண் ஒன்றும் ககரமும் ஒரே வடிவம். ஆகவே ஒரு கீறலை எழுத்துக் கோடு என்று எடுத்துக்கொண்டால், கொடுத்தவர் பெயரே மாறலாம், ஆட்சியாண்டு மாறலாம், அதை நம்பி எழுதப்படும் ஊர் வரலாறும் மாறலாம்.

கல்வெட்டை அச்சிடும் அறிஞர்கள் ஐயமான எழுத்தை அடைப்புக்குறிக்குள் போடுவதும், சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவதும் இதனால்தான். நம் நூல்களில் மூலம் தனியாகவும் உரை தனியாகவும் அச்சாகின்றன. பரிமேலழகர் எவ்வளவு பெரியவர் ஆனாலும் அவர் உரை குறளுக்குள் கலப்பதில்லை. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் பாடபேதங்களைத் தனியே குறித்துக் காட்டினார். கணினியில் அடுக்கு செய்யும் வேலையும் அதுவே. அடியில் மூலப் படங்கள். மேலே உறுதியாகப் படித்த எழுத்து ஓர் அடுக்கு. ஊகித்தது வேறு நிறத்தில் இன்னோர் அடுக்கு. தேர்வு எல்லாவற்றையும் ஊடுருவலாம், கலக்கக் கூடாது.

வீட்டுப் படங்களுக்கும் இதே விதி

தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் கிழிந்திருந்தால் இன்று செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் நிரப்பித் தந்துவிடுகிறது. ஃபோட்டோஷாப்பில் 2023இல் வந்த ஜெனரேட்டிவ் ஃபில் வசதி, நிரப்பியதைத் தனி அடுக்கிலேயே வைக்கிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் நாம் அதை ஒன்றாக்கி வாட்ஸப்பில் அனுப்பிவிட்டால், பாட்டியின் உண்மையான மூக்குத்தி எது, கணினி வரைந்தது எது என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியப்போவதில்லை. அனுப்புவதற்கு ஒரு ஜே.பி.ஜி. நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குகளோடு கூடிய மூலக் கோப்பை, ஃபோட்டோஷாப்பில் பி.எஸ்.டி. ஆகவும் கிம்ப்பில் எக்ஸ்.சி.எஃப். ஆகவும், ஊரும் நாளும் எழுதித் தனியே பத்திரப்படுத்துங்கள்.

விடுமுறையில் பிள்ளைகளோடு குடிமல்லம் போய் வாருங்கள். அனுமதி கேட்டு, ஒரே ஒரு வரியைப் படமெடுத்து, வீட்டில் கணினி முன் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். தமிழ் எழுத்தே தெரியாத பிள்ளையும் நாலு எழுத்தைத் தானே கண்டுபிடித்துவிடும். தெரியாத எழுத்து வந்தால் அந்த இடத்தை வெற்றாக விடச் சொல்லுங்கள். பின்னால் வருபவர் யாராவது அதைப் படித்துக் கொடுப்பார்கள்.